புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் காட்டுப் பாதை

காடு என்ற சொல் எங்களில் பலருக்கு இரண்டு விதமான நினைவுகளைத் தரும். ஒன்று பழைய நினைவு. விறகு பொறுக்கப் போனது, பாலைப்பழம் பிடுங்கியது, தேன் எடுத்து வந்தவர்களிடம் தேன் வாங்கியது. மற்றது அதன் பின்னர் வந்த நினைவு. கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, எங்கே போகிறோம் என்று தெரியாமல் மரங்களுக்கு இடையே நடந்தது. அப்படி நடந்த பாதைகளில் பல, போன பாதைகளாக மட்டுமே இருந்தன. வந்த பாதைகளாக இருக்கவில்லை.

வேலை எதுவும் இல்லாமல், நடந்து பார்ப்பதற்காக மட்டும் ஒரு பெண் காட்டுக்குள் போய் வருவது எங்கள் ஊர்களில் அதிகம் கேள்விப்படாத விடயம். அவுஸ்திரேலியாவிலோ அது மிகச் சாதாரணமான ஒன்று. அதற்கு அவர்கள் 'புஷ்வோக்கிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காட்டைத்தான் அவர்கள் 'புஷ்' என்கிறார்கள். ஓர் இடத்தில் இறங்கி, பள்ளத்தாக்கைச் சுற்றி, போன வழியே வராமல், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் வட்டப் பாதைகள் சிட்னி நகரைச் சுற்றி ஏராளமாக உள்ளன. அவற்றில் ஒன்றான லேன் கோவ் பள்ளத்தாக்கில் உறவினர்களோடு நடக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அந்தக் காட்டின் கதையில் பெண்களுக்குப் பெரிய பங்கு இருப்பதால் அதை வாசகிகளோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வீடுகளுக்கு நடுவே காடு மிஞ்சியது எப்படி?

சிட்னியில் 50 இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழ்கிறார்கள். 1983 ஆடிக் கலவரத்துக்குப் பின்னர் எங்கள் மக்களும் பெருமளவில் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். ஹோம்புஷ், வென்ற்வேர்த்வில், பென்டில் ஹில், ரூங்காபி போன்ற பகுதிகளில் தமிழ்க் கடைகளையும் தமிழ்க் குரல்களையும் சாதாரணமாகக் காணலாம். அங்கிருந்து வடகிழக்கே, அதிக தூரமில்லாத இடத்தில், லேன் கோவ் ஆறு ஓடும் பள்ளத்தாக்கு இருக்கிறது. 600 ஹெக்டேயருக்கும் மேற்பட்ட காடு அங்கே தேசிய பூங்காவாகப் பாதுகாக்கப்படுகிறது. அதன் இரண்டு பக்கமும் வீடுகள், பாடசாலைகள், கடைகள்.

இவ்வளவு பெரிய நகரத்தின் நடுவே காடு மிஞ்சியதற்கு முதற்காரணம் நிலத்தின் அமைப்பு. சிட்னியின் அடிநிலம் மணற்கல். மேட்டு முதுகுகள் ஓரளவு சமதரையாக இருந்ததால் வீதிகளும், 1886ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வடக்குப் புகையிரதப் பாதையும் அந்த மேடுகள் வழியாகவே போயின. வீடுகளும் அவற்றை ஒட்டியே கட்டப்பட்டன. பள்ளத்தாக்கின் சரிவுகளோ செங்குத்தானவை, கற்பாறை நிறைந்தவை. அங்கே வீடு கட்டுவதும் பயிர் செய்வதும் கடினம்.

ஆனாலும் அந்தக் காடு யாரும் தொடாத காடு என்று நினைத்துவிடக் கூடாது. 1788இல் பிரித்தானியர் வந்து இறங்கும்வரை அது அந்த மண்ணின் ஆதிக்குடிகளின் வாழ்விடம். 1789இல் பரவிய பெரியம்மை நோய் சிட்னிப் பகுதியில் அவர்களில் பெருந்தொகையானோரைக் கொன்றது. மிஞ்சியவர்களின் நிலங்களும் பறிபோயின. பின்னர் தண்டனைக் கைதிகளைக் கொண்டு அங்கிருந்த பெரிய மரங்கள் வெட்டப்பட்டன. வீடுகளுக்கும் கப்பல்களுக்கும் அந்த மரங்கள் போயின. ஆகவே இன்று நாம் காண்பதில் பெரும்பகுதி, ஒருமுறை வெட்டப்பட்டு மீண்டும் வளர்ந்த காடு. சொந்த நிலத்தை இழப்பது என்றால் என்ன என்று அறிந்த நாங்கள், அந்தக் காட்டுக்குள் கால் வைக்கும்போது முதலில் அதன் பழைய சொந்தக்காரரை நினைப்பது முறை.

பாதையில் காண்பவை

பென்னன்ட் ஹில்ஸ் பகுதியில் வீட்டு வரிசை ஒன்று முடிகிற இடத்தில் பாதை தொடங்குகிறது. வேலியோரம் ஒரு சிறிய பெயர்ப்பலகை. அதைத் தாண்டிப் பத்து நிமிடம் கல்லுப்படிகளில் இறங்கினால் வாகனச் சத்தம் குறைந்து தண்ணீர்ச் சத்தம் கேட்கத் தொடங்கும். மேட்டில் காய்ந்த நிலத்து மரங்கள். பள்ளத்தில் ஈரம், பன்னங்கள், நிழல். ஒரே நடையில் இரண்டு காடுகளைப் பார்த்தது போலிருக்கும்.

மரங்களில் பெரும்பாலானவை யூக்கலிப்டஸ் இனம். எங்கள் மலைநாட்டிலும் இவற்றை நட்டிருக்கிறார்கள். ஆனால் தங்கள் சொந்த மண்ணில் அவை நிற்கும் கம்பீரமே வேறு. 'நீலப் பசைமரம்' என்று அவர்கள் அழைக்கும் ஒருவகை, வழுவழுப்பான நீலச் சாம்பல் தண்டோடு வானளவு போகிறது. 'அங்கோபோரா' என்ற இன்னொரு மரம் கோடை தொடங்கும்போது பழைய பட்டையை உதிர்த்துவிட்டு, செம்மஞ்சள் நிறத் தோலோடு நிற்கும். பாறையைச் சுற்றி வளைந்து, மனிதக் கை போல அதைப் பற்றிக்கொண்டு வளரும்.

எங்களுக்குப் பழக்கமான உறவுகளும் அங்கே உண்டு. மணற்காட்டிலும் காரைநகரிலும் நிற்கும் சவுக்கு மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த மரங்கள் அங்கே இயற்கையாக வளர்கின்றன. காற்றடித்தால் அதே இரைச்சல். ஓடைக் கரையில் 'லில்லி பில்லி' என்ற மரம் ஊதா கலந்த வெளிர்நிறத்தில் சிறு பழங்களைத் தருகிறது. அது எங்கள் நாவலின் இனம். அங்குள்ளவர்கள் அதில் ஜாம் செய்வார்கள்.

பாதையோரத்தில் ஓரிடத்தில், இலைச்சருகுகளை வீட்டுக்கூரை அளவு அகலமாகக் குவித்து வைத்திருந்ததைக் கண்டோம். யாரோ குப்பை கூட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தோம். பார்த்தால், அது வான்கோழி போன்ற ஒரு காட்டுப் பறவையின் கூடு. ஆண்பறவைதான் சருகைக் கூட்டிக் குவிக்கும். பெண்பறவைகள் வந்து அதற்குள் முட்டை இட்டுவிட்டுப் போய்விடும். சருகு உக்கும்போது எழும் சூட்டில் முட்டை பொரிக்கும். சூடு 33 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும்படி, ஆண்பறவை அலகால் சோதித்துப் பார்த்து, சருகைக் கூட்டியும் குறைத்தும் வாரக்கணக்காகக் காவல் இருக்கும். இதைக் கேட்ட எங்கள் குழுப் பெண்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மரத்துக் கிளிகள் பறந்துவிட்டன.

சற்றுத் தூரத்தில் 'திமிங்கிலப் பாறை'. ஒரு பெரிய மணற்கல், கண்ணும் வாயும் வைத்த திமிங்கிலம் போலவே கிடக்கிறது. அதன் அருகே போகும் பாதை, சிட்னி நகர மையத்திலிருந்து நியூகாசில் நகரம்வரை 250 கிலோமீற்றர் நீளும் பெரும் நடைபாதையின் ஒரு துண்டு. 1988ஆம் ஆண்டு அது திறக்கப்பட்டது. நாங்கள் அதில் கொஞ்சத் தூரம் நடந்து, ஓடையைக் கல்லுக்குக் கல்லாகத் தாண்டி, வேறொரு சரிவால் ஏறி, புறப்பட்ட வீதிக்கே வந்து சேர்ந்தோம். இடையில் இருந்து தேத்தண்ணீர் குடித்த நேரத்தையும் சேர்த்து மூன்று மணித்தியாலம் ஆனது.

மேலே ஏறி வந்ததும், வன்னியிலிருந்து போய்ச் சேர்ந்த ஓர் அக்கா மூச்சு வாங்கியபடி சொன்னார்: "தங்கச்சி, காட்டுக்குள்ள போனா அதே இடத்துக்குத் திரும்பி வரலாம் எண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்." ஒருவரும் உடனே மறுமொழி சொல்லவில்லை.

'அகிம்சை' என்ற வீடு

நிலம் செங்குத்தாக இருப்பது மட்டும் ஒரு காட்டைக் காப்பாற்றிவிடாது. சரிவிலும் வீடு கட்டும் வசதிகள் பின்னர் வந்துவிட்டன. குப்பை கொட்டவும், வீதி போடவும் பள்ளத்தாக்குகள் தேவைப்பட்டன. யாராவது எழுந்து நின்று 'இது வேண்டும்' என்று கேட்டால்தான் காடு மிஞ்சும். அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் மேரி பைல்ஸ்.

1900ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்து, சிறுமியாக அவுஸ்திரேலியா வந்தவர் அவர். அக்காலத்தில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பெண்கள் சட்டத்தரணியாகவே முடியாது. 1918இல்தான் அந்தத் தடை சட்டத்தால் நீக்கப்பட்டது. 1924இல் மேரி பைல்ஸ் அம்மாநிலத்தின் முதலாவது பெண் சொலிசிற்றரானார். திருமணமான பெண்களின் சொத்து, பிள்ளைகளின் பொறுப்பு ஆகியவற்றில் சட்டம் பெண்களுக்குச் செய்த அநீதிகளைப் பெண்கள் சஞ்சிகை ஒன்றில் தொடர்ந்து எழுதினார். பிள்ளைகளின் பாதுகாவலில் தாய்க்கும் தந்தைக்குச் சமமான உரிமை வேண்டும் என்று பெண்கள் அமைப்புகள் நடத்திய போராட்டத்துக்குத் துணைநின்றார். 1934இல் அதற்கான சட்டம் நிறைவேறியது.

அவருக்குக் காட்டில் நடப்பதென்றால் உயிர். முதுகில் பையோடு பெண் ஒருத்தி காட்டுக்குள் போவதைப் பலர் ஏளனமாகப் பார்த்த காலம் அது. 1914இல் தொடங்கிய மலைநடைக் கழகம் ஒன்று ஆண்களை மட்டுமே சேர்த்துக்கொண்டது. 1927இல் ஆண்கள் பெண்கள் இருபாலாரும் சேரக்கூடிய கழகம் ஒன்று சிட்னியில் உருவானது. மேரி அதில் சேர்ந்தார். நடந்து பார்த்த இடங்களைக் காக்கவேண்டும் என்று எழுதினார், அதிகாரிகளைச் சந்தித்தார். சிட்னிக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள பூடி என்ற இடம் 1935இல் பாதுகாக்கப்பட்டதற்கு அவரது முயற்சி முக்கிய காரணம்.

1938ஆம் ஆண்டளவில் செல்ற்றன்ஹாம் என்ற இடத்தில், லேன் கோவ் பள்ளத்தாக்குக் காட்டை ஒட்டி ஓர் எளிய வீட்டைக் கட்டினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'அகிம்சை'. எங்களுக்கு நன்கு தெரிந்த அதே சொல். காந்தியின் சிந்தனையிலும் புத்தரின் போதனையிலும் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவராக இருந்தார். பிற்காலத்தில் பாதங்கள் பாதிக்கப்பட்டு நெடுந்தூரம் நடக்க முடியாமல் போனபோது, தியானத்திலும் எழுத்திலும் தன் நாட்களைக் கழித்தார்.

1966இல், வீட்டு விறாந்தையில் நித்திரையாக இருந்தபோது அவர் கடுமையாகத் தாக்கப்பட்டார். அகிம்சை என்று பெயர் வைத்த வீட்டில், தனியே வாழ்ந்த, 66 வயதுப் பெண்ணுக்கு இது நடந்தது. வளர்ந்த நாட்டிலும் பெண்ணுக்குப் பாதுகாப்பு தானாகக் கிடைத்துவிடுவதில்லை. ஆனாலும் அவர் அந்த இடத்தைக் கைவிடவில்லை. 1970இல் வீட்டையும் அதைச் சூழ்ந்த காட்டு நிலத்தையும் மரபுரிமைகளைப் பாதுகாக்கும் அமைப்பான நஷனல் ட்ரஸ்டிடம் கொடுத்தார். 1979இல் காலமானார். விற்றிருந்தால் அந்த நிலத்தில் எத்தனையோ வீடுகள் எழுந்திருக்கும். இன்றும் அங்கே மரங்கள் நிற்கின்றன.

பதின்மூன்று இல்லத்தரசிகள்

அதே லேன் கோவ் ஆறு பெரிய ஆற்றோடு சேரும் இடத்துக்குக் கிட்ட ஹன்ரேர்ஸ் ஹில் என்ற ஊர் உள்ளது. அங்கே 'கெலீஸ் புஷ்' என்ற சிறு காட்டுத் துண்டில் வீடுகள் கட்ட ஒரு நிறுவனம் திட்டமிட்டது. அவ்வூர்ப் பெண்கள் 13 பேர் 1970இல் ஒன்றுசேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த சாதாரண குடும்பப் பெண்கள். மனு எழுதினார்கள். அரசியல்வாதிகளைச் சந்தித்தார்கள். எல்லாக் கதவையும் தட்டியும் பயன் இல்லை.

கடைசியில் அவர்கள் போய் நின்றது கட்டடத் தொழிலாளர் சங்கத்தின் வாசலில். ஜக் மண்டி தலைமை தாங்கிய அந்தச் சங்கம், ஊர்மக்களின் ஆதரவு உண்டா என்று கேட்டது. பெண்கள் பொதுக்கூட்டம் கூட்டிக் காட்டினார்கள். 1971இல் அந்தக் காட்டில் தங்கள் தொழிலாளர் ஒருவரும் வேலை செய்யமாட்டார்கள் என்று சங்கம் அறிவித்தது. உலகின் முதலாவது 'பச்சைத் தடை' அதுதான் என்று சொல்வார்கள். வசதியான ஊர்ப் பெண்களும் கூலித் தொழிலாளரும் ஒருவரை ஒருவர் அதற்குமுன் அறிந்திருக்கவில்லை. ஒரு காட்டுக்காகச் சேர்ந்தார்கள். 1983இல் அரசாங்கம் அந்த நிலத்தை வாங்கிப் பொதுமக்களுக்கே விட்டது.

எல்லாப் போராட்டமும் வெல்லவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பள்ளத்தாக்கின் ஒரு கிளை வழியாகப் பெருந்தெரு ஒன்று போடப்படுவதை மக்கள் எதிர்த்தும், 1997இல் அது திறக்கப்பட்டது. காட்டின் அந்தப் பக்கத்தில் நடக்கும்போது இன்றும் அதன் இரைச்சல் காதில் விழும்.

நல்லது மிஞ்சியிருக்கும் இடத்திலிருந்து

காட்டைக் காப்பாற்றியதோடு வேலை முடிவதில்லை. வீட்டுத் தோட்டங்களிலிருந்து பரவும் அந்நியச் செடிகள் காட்டை நெரிக்கின்றன. அவற்றில் ஒன்று எங்களுக்கும் நன்கு தெரிந்த நாயுண்ணி. எங்கள் காணிகளில் பார்த்தீனியம் செய்யும் அதே அட்டகாசத்தை அங்கே இவை செய்கின்றன.

1960களில் சிட்னியின் மொஸ்மன் பகுதியில் வாழ்ந்த சகோதரிகள் இருவர், ஜோன் பிராட்லியும் ஐலீன் பிராட்லியும், தினமும் காட்டில் நடக்கும்போது இந்தக் களைகளைக் கவனித்தார்கள். களை மண்டிய இடத்தை ஆட்களை விட்டு மொத்தமாக வெட்டி வெளியாக்கினால், அடுத்த மழைக்கு முன்னரைவிட மோசமாகக் களை முளைத்தது. ஆகவே அவர்கள் வேறு வழியைப் பின்பற்றினார்கள். காடு நன்றாக இருக்கும் இடத்திலிருந்து தொடங்கி, களை மண்டிய பக்கம் நோக்கி மெல்ல மெல்ல நகர்ந்தார்கள். களையைக் கையால் பிடுங்கி, கிளறிய மண்ணைச் சருகால் மூடினார்கள். பிடுங்கிய இடத்தில் சொந்தச் செடி முளைத்து நிலைகொள்ளும்வரை அடுத்த அடி எடுத்துவைக்கவில்லை. அவசரப்படவில்லை.

மூன்றே விதிகள். நல்ல இடத்திலிருந்து தொடங்கு. மண்ணைக் குறைவாகக் கிளறு. செடி வளரும் வேகத்துக்கு ஏற்பப் போ. இந்த முறை இன்று அவர்களது பெயராலேயே அழைக்கப்படுகிறது. சிட்னியின் காட்டோரங்களில் அயலவர்கள் ஒன்றுகூடிக் களை பிடுங்கும் குழுக்கள் இந்த விதிகளையே பின்பற்றுகின்றன. குழுக்களில் வயதான பெண்கள் பலர். புதிதாக நாட்டுக்கு வந்தவர்களும் சேர்கிறார்கள். மொழி அதிகம் தேவையில்லை.

1994ஆம் ஆண்டு தை மாதத்தில் பெருந்தீ ஒன்று லேன் கோவ் காட்டின் பெரும்பகுதியை எரித்தது. கரிந்து கறுத்த மரங்களின் தண்டில், பட்டைக்கு அடியில் உறங்கிக் கிடந்த மொட்டுகள் சில வாரங்களில் தளிர்விட்டன. யூக்கலிப்டஸ் மரங்களின் இயல்பு அது. பழைய மரங்களின் அடியில் கரி படிந்த தழும்பை இன்னும் காணலாம். மேலே பச்சை.

நடக்க விரும்புவோருக்கு

அங்கே நடப்பவர்கள் சில ஒழுங்குகளைக் கடைப்பிடிக்கிறார்கள். தனியே போகாமல் மூன்று நான்கு பேராகப் போவார்கள். எங்கே போகிறோம், எத்தனை மணிக்கு வருவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டே வெளிக்கிடுவார்கள். மூடிய சப்பாத்து, தண்ணீர்ப் போத்தல், தொப்பி அவசியம். மழைக்குப் பிறகு அட்டை ஏறும். வீடு வந்ததும் உடம்பில் உண்ணி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தக் காட்டில் கொடிய விஷமுள்ள சிலந்தி ஒன்றும் உண்டு. 1981இல் அதற்கு விஷமுறிவு மருந்து வந்தபின் எவரும் அதனால் இறந்ததில்லை. கடும் வெயிலும் காற்றும் உள்ள தீ அபாய நாட்களில் காட்டுக்குள் போகமாட்டார்கள். அந்நாட்களில் பூங்காவை மூடிவிடுவதும் உண்டு.

எங்கள் நாட்டிலும் இப்படிப்பட்ட இடங்கள் இல்லாமலில்லை. கண்டி நகரத்தின் நடுவே, தலதா மாளிகைக்குப் பின்னால் உள்ள உடவத்தகெலே காட்டில் சுற்றி நடந்து வரும் பாதைகள் உண்டு. சுற்றுலா போகும் மாதர் சங்கங்கள் அதையும் தங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

வடக்கிலும் கிழக்கிலும் வாழும் வாசகிகள் ஒன்றை மறக்கக் கூடாது. கண்ணிவெடி அகற்றி முடிக்கப்பட்டதாக அறிவிக்கப்படாத காட்டுக்குள்ளும் பற்றைக்குள்ளும் போகக் கூடாது. எச்சரிக்கைப் பலகை கண்டால் வந்த அடியிலேயே திரும்பவேண்டும். சந்தேகமான பொருளைத் தொடாமல், இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, கிராம சேவையாளருக்கோ பொலிசுக்கோ அறிவிக்கவேண்டும்.

நடப்பதற்குக் காடுதான் வேண்டும் என்றில்லை. குளக்கட்டு, கோயில் வீதி, கடற்கரைச் சவுக்கந்தோப்பு, நெல்வயல் வரம்பு எதுவானாலும் சரி. பாதுகாப்பான இடமாக இருக்கவேண்டும். கூட வர இரண்டு பெண்கள் இருக்கவேண்டும். கையில் குடமும் தலையில் விறகும் இல்லாமல், யாரையும் தேடாமல், எதற்கும் ஓடாமல், அரை மணித்தியாலம் சுற்றி நடந்து வீடு வந்து சேருங்கள். கிழமைக்கு ஒருநாள் போதும். நடக்கும்போது அந்த இடத்தில் என்ன நிற்கிறது, என்ன குறைகிறது, யார் குப்பை கொட்டுகிறார்கள் என்பதெல்லாம் தானாகக் கண்ணில் படும். மேரி பைல்ஸும் பிராட்லி சகோதரிகளும் தொடங்கியது அங்கிருந்துதான். உங்கள் ஊரின் குளக்கரை மருதமரம் தறிபடப் போகிறது என்றால், அதை முதலில் அறிபவர்கள் அந்த வழியே நடக்கும் பெண்களாகவே இருப்பார்கள். பிரதேச சபைக்கு ஒரு கடிதம் எழுத மூன்று பேர் போதும்.